கறுப்புப் போத்தலும் பிள்ளைக் காம்பராவும்

என் மருமகன் கொழும்பிலே வேலை செய்கிறவர். போன சித்திரையில் வந்தபோது ஒரு பெட்டி நிறையப் பியர் கொண்டுவந்தார். ஒவ்வொரு போத்தலிலும் ஒவ்வொரு படம். ஒன்று கோதுமையில் செய்ததாம், ஒன்றில் தோடம்பழ வாசம் வருமாம், ஒன்று சும்மா கசக்குமாம். அவரும் அவருடைய கூட்டாளிகளும் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, இந்த வெயிலுக்கு எது பொருத்தம், எது உடம்புக்குக் குளிர்ச்சி என்று மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். கடைசியில் மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்து, “அத்தே, நீங்க சொல்லுங்க, வெயிலுக்கு எது நல்லது?” என்று சிரித்தார். நல்ல பிள்ளைதான். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன்.

வெயிலுக்கு எந்தப் பியர் என்று ஆண்கள் கூடிப் பேசுவதைக் கேட்டாலே எனக்கு ஆகாது. காரணம் இருக்கிறது. அந்த மருமகன் கட்டியிருக்கிற என் மகள், கைப்பிள்ளையாகப் பசியில் கத்திக்கொண்டு கிடந்த பங்குனி மாதத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆம்பிளைகள் பேசியதும் இதே பேச்சுத்தான்.

அது எழுபதுகளின் கடைசிப் பக்கம். எங்கள் தேயிலைத் தோட்டம் கந்தப்பளையிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டிய இடம். கந்தப்பளையில் வெயில் என்று சொன்னால் கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சித்திரையில் குளிரைத் தேடி நுவரெலியாவுக்கு வருகிறவர்கள். குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டு, பூந்தோட்டத்தில் படம் எடுத்துவிட்டு, கம்பளிச் சட்டையோடு திரும்பிப் போவார்கள். முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாக மொட்டை மலையில் தேயிலை நிரை பிடித்து நிற்கிறவளிடம் அவர்கள் கேட்டிருக்க வேண்டும். காலையில் விரல் விறைக்கும். பத்து மணிக்கு மேல் மண்டை பிளக்கும். நிழலுக்கு இருந்த முருங்கையையும் அந்த வருடம் வெட்டிவிட்டிருந்தார்கள். மழை இல்லை. கொழுந்து இல்லை. லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பீலியில் அது நூல் மாதிரி ஒழுகியது.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த லீவு முடிந்து நான் மலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். காலையில் பெரட்டில் பேர் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட வேண்டும். தாய்மார் மலையில் இருக்கிற நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. தகரக் கூரை, வரிசையாகத் தொட்டில், ஒரு ஆயா. பால் கொடுக்கிற தாய்மார் நடுக்காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் இறங்கி வரலாம். சட்டத்தில் அப்படி. மலையில் எங்களை மேய்த்த கணக்கப்பிள்ளைக்கு அந்தச் சட்டம் பிடிக்காது. நாங்கள் இறங்கத் தொடங்கும்போதே, “போனமா வந்தமான்னு இருக்கணும்” என்பார். பிள்ளை வாய் வைத்துக் கொஞ்சம் உறிஞ்சுவதற்குள் வாசலில் செருமல் கேட்கும். பிறகு, “என்னா, இன்னும் முடியலயா? அங்க நிரை சும்மா கெடக்கு” என்று சத்தம். பால் இறங்குகிற நேரத்தில்தான் பிள்ளையைப் பிடுங்கித் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடுவோம். மலைக்குத் திரும்பத் தாமதமானால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

எனக்குப் பால் வற்றத் தொடங்கியது. பிள்ளை இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறும். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தொட்டிலிலிருந்து தூக்கும்போது நேற்றைவிட இன்று பாரம் குறைந்திருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளைப் புதைப்பது யாருக்கும் புதிய விஷயம் அல்ல. பக்கத்து லயத்தில் முந்தின வருடம் இரண்டு போயிருந்தன. எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது. பிள்ளை அழுதால் பயம், அழாமல் கிடந்தால் அதைவிடப் பயம்.

தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவரை நாங்கள் டாக்டரய்யா என்போம். அவர் டாக்டர் இல்லை, மருந்து கலந்து கொடுக்கிறவர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளையை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. “ரத்தம் இல்ல. தெனமும் ஒரு கிளாஸ் கறுப்பு பியர் குடி, ஸ்டவுட். பால் தானா ஊறும்” என்றார். வீட்டில் மாவு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும்தான். அதுவும் எல்லா வேளைக்கும் இல்லை. இவர் எனக்கு ஸ்டவுட் சொல்கிறார். வெளியே வந்தபோது சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. ஆனால் பிள்ளைக்கு நல்லது என்றால் வேப்பெண்ணெயைக் குடிக்கச் சொன்னாலும் குடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்கு முகத்தில் ஒரு களை வந்தது. பிள்ளை பிறந்த அன்றுகூட அப்படி ஒரு களையை நான் பார்க்கவில்லை.

அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில், குடியிருந்தவரைக் கூப்பிட்டார். அவர் எந்தக் காலத்திலோ ஒரு சித்திரை சீசனுக்குத் துரைமார் கிளப்பில் கிளாஸ் கழுவப் போனவர். அதை வைத்துக்கொண்டு எங்கள் லயத்தில் பியரைப் பற்றிய கடைசி வார்த்தை அவருடையதுதான். வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

“வெயில் காலத்துல தொரைமாருங்க கறுப்ப தொடமாட்டாங்க தம்பி. வெள்ள பியருதான். அதுதான் ஒடம்புக்கு குளுச்சி. கறுப்பு மழைக்காலத்துக்கு உள்ளது.”

என் மாமியார் உள்ளேயிருந்து வந்தார். “வெள்ள பியரா? பச்ச ஒடம்புக்காரிக்கு குளுச்சியக் குடுத்தா புள்ளைக்கு சளி கட்டிக்கிருமே!”

“அப்ப கறுப்பையே வாங்கலாம் அண்ணே. டாக்டரய்யாவும் அதத்தான சொன்னாரு” என்றார் என் வீட்டுக்காரர்.

“இந்த வெயில்லயா? கறுப்பு சூடுடா. தாய்க்குச் சூடு ஏறுனா புள்ள ஒடம்பெல்லாம் கட்டி கட்டியா வந்துரும்” என்றார் மாமியார்.

இப்படியே போனது. கறுப்பு சூடு, வெள்ளை குளிர்ச்சி. காலையில் குடித்தால் சூடு தெரியாது. சாயங்காலம் குடித்தால் குளிர்ச்சி தங்காது. முட்டை அடித்து ஊற்றினால் என்ன? ஒரு மிளகு போட்டால் என்ன? மற்ற காம்பராக்களிலிருந்தும் ஆம்பிளைகள் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம். நான் உள்ளே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சீனி கரைத்த தண்ணீரை விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும். எனக்குத் தொண்டை காய்கிறதா, வயிறு காய்கிறதா என்று ஒருவர்கூட எட்டிப் பார்த்துக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் கிளப்புக்காரரும் பையை எடுத்துக்கொண்டு கந்தப்பளைக்கு இறங்கினார்கள். பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். முகம் சிவந்திருந்தது. பை தட்டையாக இருந்தது.

“பியர் எங்க?” என்றேன்.

“ருசி பாக்காம எப்புடி எடுக்கறது? ரெண்டையும் பாத்தோம். அண்ணன் சொல்றது சரிதான், கறுப்பு கொஞ்சம் சூடாத்தான் தெரியுது. நாளைக்கு யோசிச்சு எடுக்கலாம்.”

கையில் அகப்பை இருந்தது. வீசினேன். அது அவருக்குப் படாமல் சுவரில் பட்டு உடைந்தது. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் உண்டு, அகப்பைக்காக. மாமியார் முதல் தடவையாக என் பக்கம் நின்று மகனைக் கிழித்தார். அந்த ஏச்சுக்குப் பயந்துதான் மறுநாள் ஒரு கறுப்புப் போத்தல் உண்மையாகவே வீட்டுக்கு வந்தது.

வந்ததா? என் கைக்கு வரவில்லை. கறுப்பின் சூட்டைத் தணிக்க வேண்டுமென்றால் அதைக் குளிர வைக்க வேண்டும் என்று கிளப்புக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். லயத்தில் ஐஸ் பெட்டிக்கு எங்கே போவது? போத்தலை ஈரச் சாக்கில் சுற்றி, கொண்டுபோய்ப் பீலிக்கு நேர் கீழே வைத்துவிட்டார்கள்.

நான் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, குடத்தோடு பீலிக்குப் போனபோது அங்கே ஒரே சண்டை. குடங்கள் வரிசையாகக் காய்ந்துபோய் நிற்கின்றன. நூலாக ஒழுகுகிற தண்ணீர் முழுக்கச் சாக்கில் விழுந்து, போத்தலைச் சுற்றி ஓடி, சாக்கடைக் கானில் போகிறது. கிளப்புக்காரர் பக்கத்தில் குந்திக்கொண்டு காவல். “தொடாதீங்க, அது பச்ச ஒடம்புக்காரிக்கு உள்ள மருந்து” என்கிறார். பெண்களோ, “மருந்துன்னா தூக்கிட்டுப் போயி அவ வாயில ஊத்துங்க, எங்க தண்ணிய எதுக்கு மறிக்கிறீங்க?” என்று கத்துகிறார்கள்.

நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து என் வாயில் பட்டது அரைக் கோப்பைச் சாயத்தண்ணி, பால் சேர்க்காத வெறும் தேத்தண்ணி. வெயிலில் நின்று உடம்பில் இருந்ததெல்லாம் வேர்வையாகப் போயிருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே எனக்காக ஒரு போத்தல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்துப்போனது.

“தள்ளுங்கண்ணே” என்றேன். என் முகத்தைப் பார்த்துத் தள்ளிவிட்டார். போத்தலை எடுத்து இடுப்பில் செருகினேன். பீலியில் வாயை வைத்தேன். யாரும் வரிசை என்று சொல்லவில்லை. வயிறு முட்டக் குடித்தேன். குடிக்கக் குடிக்க அழுகை வந்தது. அன்று இரவு பிள்ளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே குடித்தது.

மறுநாள் போத்தலைக் கூடையில் போட்டு மலைக்குக் கொண்டுபோனேன். வீட்டில் வைத்தால் மிஞ்சாது. மத்தியானம் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளைக்கு ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே மறுகையால் போத்தலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன். கருகிப்போன கருப்பட்டி மாதிரி இருந்தது. வாசலில் செருமல் கேட்டது.

“இன்னும் முடியலயா?”

ஆயா எனக்கு முந்திக்கொண்டார். பிள்ளை இல்லாத பொம்பிளை. என் மகள் இளைத்துக்கொண்டு வருவதை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர். “மருந்து குடிக்கிறாங்கய்யா. டாக்டரய்யா சொன்ன மருந்து” என்றார்.

“என்னா மருந்து?”

ஆயா போத்தலைத் தூக்கிக் காட்டினார். கணக்கப்பிள்ளையின் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்ல வேண்டும்.

“அட, ஸ்டவுட்டா! அப்புடின்னா மெதுவா குடி புள்ள. மடக்கு மடக்குன்னு குடிச்சா தலைக்கு ஏறிரும். ஒக்காந்து ஆறுதலா குடிச்சிட்டு, கொஞ்சம் தெளிஞ்ச பெறகு மலைக்கு வா. எங்கயாவது உருண்டு தொலைச்சிறாத.”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நானும் ஆயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பியர் குடிக்கிறவள் உட்கார வேண்டும், ஆறுதலாகக் குடிக்க வேண்டும் என்பது அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவரை என் பிள்ளையை மார்பிலிருந்து பிடுங்க வைத்தவரும் அவர்தான். அன்றைக்கு என் மகள் இரண்டு பக்கமும் குடித்து, வாயை அவளாகவே எடுத்து, பால் வழிகிற கன்னத்தோடு தூங்கினாள். நான் மலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அவள் அப்படித் தூங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அந்தப் பியர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. திரும்ப ஏறும்போது சரிவில் தலை சுற்றியது. முன்பைவிட நாக்கு வறண்டது. மிச்சத்தை நான் குடிக்கவில்லை. இரவில் அதை என் வீட்டுக்காரர் குடித்துத் தீர்த்தார், வீணாகப் போகக் கூடாதாம். வெறும் போத்தலை நான் கழுவினேன். காலையில் அதில் சாயத்தண்ணியைக் கட்டியாக ஊற்றி நிரப்பி மூடினேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அப்புறம் தினமும் அந்தப் போத்தல் என்னோடு இறங்கியது. பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளுக்கென்று ஒரு ஆள் தண்ணீர் சுமந்து ஊற்றுவார். ஆயா கேத்தலில் கொதிக்க வைத்துப் போத்தல் முடிய முடிய நிரப்பித் தருவார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குடிப்பேன், பிள்ளை என்னைக் குடிக்கும். கணக்கப்பிள்ளை வாசலில் நின்று, “மருந்து நடக்குதா?” என்று கேட்டுவிட்டுப் போவார். சில நாள், “வெயிலுக்கு வெள்ளதான் நல்லதுன்னு சொல்றாங்களே?” என்று விசாரிப்பார். “தாய்க்கு கறுப்புதான்யா” என்று ஆயா பதில் சொல்வார்.

என் மகளின் கன்னம் மெல்ல மெல்ல நிரம்பியது. பால் கொடுத்துக்கொண்டிருந்த மற்றத் தாய்மாரும் வெறும் போத்தல் தேடினார்கள். சாராயத் தவறணைக்குப் பின்னால் கிடந்ததைப் பொறுக்கிவந்தவளும் உண்டு. மத்தியானத்தில் சுவரோரம் நாலைந்து பேர் கால் நீட்டி உட்கார்ந்திருப்போம், ஆளுக்கொரு கறுப்புப் போத்தல். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள் தேத்தண்ணியைப் பியர் என்று சொல்லிக் குடித்தால்தான் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரலாம் என்றிருந்தது எங்கள் நிலைமை. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இதில் இன்னொரு எரிச்சல். என் பிள்ளை தேறியதும் பேர் வாங்கியது யார்? கிளப்புக்காரர். “பீலியில குளுர வச்சு குடுத்தோம்ல, அதுதான் வேல செஞ்சிருக்கு” என்று லயம் முழுக்கச் சொன்னார். எந்தக் காம்பராவில் பிரசவம் என்றாலும் ஆம்பிளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பியர் தெரிவு செய்து, ருசி பார்த்து, ஆடிக்கொண்டு வந்தார்கள். என் வாயில் உண்மை துடிக்கும். சொன்னால் போத்தல் போய்விடும், போத்தல் போனால் உட்காருவதும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு அந்த மனுசனுடைய பெருமையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் ஆயாவுக்கு முடியாமல் போனதும் பிள்ளைக் காம்பரா வேலை எனக்கு வந்தது. போத்தல்களை நான் காப்பாற்றினேன். அலமாரியில் வரிசையாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பேன், வருகிற தாய்க்கு ஒன்று. அந்த வருடம் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, தலைப்பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவளுக்கும் ஒன்று கொடுத்தேன்.

அப்போதுதான் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு மருத்துவச்சியம்மா வந்தார். படித்தவர், நல்லவர். அலமாரியைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பால் கொடுக்கிறவள் பியர் குடிக்கக் கூடாது, அது பிள்ளைக்குக் கெடுதி என்று தாய்மாரைக் கூட்டிச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். நான் எதிர்த்து என்ன பேசுவது என்று யோசித்து முடிப்பதற்குள், ஆளைக் கூப்பிட்டுப் போத்தல்களைச் சாக்கில் அள்ளி அனுப்பிவிட்டார். கணக்கப்பிள்ளைக்கும் சொல்லியனுப்பினார்.

மறுநாள் மத்தியானம். அதே கணக்கப்பிள்ளை, தலை நரைத்திருந்தது. அதே வாசல். நாத்தனார் அப்போதுதான் உட்கார்ந்து பிள்ளையை எடுத்திருந்தாள்.

“போத்தல் இல்லேல்ல? பெறகென்ன ஒக்காருறது? எந்திரிங்க, எந்திரிங்க, மலையில நிரை கெடக்கு.”

நாத்தனார் பயந்துபோய்ப் பிள்ளையின் வாயிலிருந்து மார்பை இழுத்தாள். பால் அவள் படங்கில் சொட்டியது. பிள்ளை வீரிட்டது. எத்தனை வருடம் அடக்கி வைத்ததோ, எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வாசலுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“ஐயா, அந்தப் போத்தல்ல இருந்தது பியர் இல்லங்க. சாயத்தண்ணி.”

“எந்தப் போத்தல்ல?”

“எல்லாப் போத்தல்லயுந்தான். எனக்குப் புள்ள பொறந்த காலத்துல இருந்து.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. என்னையும், உள்ளே நின்ற நாத்தனாரையும், கத்துகிற பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையாகவே விளங்காத முகத்தோடு கேட்டார்.

“பியரே இல்லன்னா, பெறகு என்னாத்துக்கு இத்தன வருசமா ஒக்காந்திருந்தீங்க?”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே அவர் அரைப்பேர் போடுவேன், ஆபீசுக்குச் சொல்லுவேன் என்று சத்தம் போட்டது கேட்டது.

“அண்ணி, நான் எந்திரிச்சுப் போகவா?” என்றாள் நாத்தனார்.

“ஒக்காரு” என்றேன். “புள்ள தானா வாய எடுக்கற வரைக்கும் ஒக்காரு.”